ரவுண்டாகச் சொல்லாத மனிதர்

வேலம்பாளையத்தில் ஒரு மெட்ரிக் பள்ளியில் நான் இயற்பியல் வாத்தியாராகச் சேர்ந்தது விளையாட்டு விழா வாரத்தில். ஆசிரியர்கள் எல்லோருக்கும் காலர் வைத்த நீல டி-ஷர்ட் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குள் நுழைந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். கை குலுக்கத்தான் வருகிறார் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அவர் கையை விட்டுவிட்டு என் டி-ஷர்ட்டின் கீழ் ஓரத்தைப் பிடித்தார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தார்.

“எறநூத்தி இருவது ஜிஎஸ்எம்னு பில் போட்டிருப்பாங்க சார். நூத்தித் தொண்ணூத்தி மூணுக்கு மேல இருக்காதுங்க” என்றார். அதற்குப் பிறகுதான் என் பெயரைக் கேட்டார்.

ஜிஎஸ்எம் என்பது துணியின் கனத்தைச் சொல்லும் அளவு. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த எனக்கு அது அன்று தெரியாது. திருப்பூரில் டீக்கடைக்காரருக்கும் தெரியும். என் சட்டையைத் தொட்டவருக்கு விரலே தராசு. பிள்ளைகள் அவருக்கு ஜிஎஸ்எம் சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார். ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் கணக்கு எடுத்தார்.

அவருக்கு ரவுண்டான எண் என்றால் ஆகாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பள்ளி எவ்வளவு தூரம் என்றால் நாமெல்லாம் ஏழு கிலோமீட்டர் என்போம். அவர் ஆறு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர் என்பார். காலையில் எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால், “எட்டு நாப்பத்தி மூணுக்கு வந்துருவேனுங்க” என்பார். வந்தும் விடுவார். ஒருமுறை பேச்சுவாக்கில் வயதைக் கேட்டேன். நாற்பத்தாறு வருடம் ஐந்து மாதம் என்றார்.

“ஒருத்தரு ரவுண்டா ஒரு நம்பர் சொன்னாருன்னா, அவரு எண்ணிப் பாக்கலைன்னு அர்த்தமுங்க. இல்லாட்டி எண்ணிப் பாத்துட்டு மறைக்கறாருன்னு அர்த்தம்.” இதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார். வகுப்பில் ஒரு பிள்ளை விடை நூறு என்று சொன்னால், சரியான விடையாகவே இருந்தாலும் உட்கார விடமாட்டார். “எப்படி வந்துச்சு கண்ணு?” என்று கேட்பார். கரும்பலகைக்குக் கூப்பிட்டு ஒவ்வொரு வரியாகப் போடவைத்த பிறகுதான் அந்த நூறு அவருக்கு நூறாகும்.

பள்ளித் தாளாளர் ஒரு வருடம் மீட்டிங்கில் எல்லோருக்கும் ஆயிரம் ரூபாய் உயர்வு என்று அறிவித்தார். நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தோம். ஜிஎஸ்எம் சார் மட்டும் எழுந்து, “எந்த மாசத்துச் சம்பளத்துல இருந்துங்க?” என்றார். தாளாளர் சிரித்து மழுப்பினார். அவர் உட்காரவில்லை. கடைசியில் அது அடுத்த ஜூனிலிருந்து என்றும், அதிலும் முதல் மூன்று மாதத்து உயர்வைப் பள்ளியே பிடித்து வைத்துக்கொள்ளும் என்றும் தெரியவந்தது. அன்று அவரை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. தாளாளருக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

என் மனைவிக்கு மட்டும் அவரைப் பிடிக்கவில்லை. அவள் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் என்று கண்ணில் பட்டால் அம்புக்குறி போட்ட சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும், அதுதான் வேலை. கண் அப்படியே பழகிவிட்டது. ஒரு தடவை அவர் வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு கேட்டாள்.

“எல்லாரையும் கள்ளனாட்டம் பாக்குதாரே, இவரு எப்படியாம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அவரு அடிபட்ட ஆளுடி” என்றேன்.

அடிபட்ட கதையை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். வாத்தியாராக வருவதற்கு முன் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் காஸ்டிங் பார்த்தவர் அவர். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் எவ்வளவு, பின்னல் எவ்வளவு, சாயம், தையல், பட்டன், அட்டைப்பெட்டி என்று ஒவ்வொரு லைனாக எழுதிக் கூட்டி, வெளிநாட்டுக்காரனுக்கு விலை சொல்லும் வேலை. அதில் ப்ராசஸ் லாஸ் என்று ஒரு லைன் உண்டு. நூறு கிலோ துணி சாயப்பட்டறைக்குப் போனால் நூறு கிலோவாகத் திரும்பி வராது. வெந்து, பிழிந்து, காய்ந்து வருவதற்குள் எடை இறங்கிவிடும். அந்த இறக்கத்தைச் சரியாகப் போடாவிட்டால் மொத்தக் கணக்கும் குப்புற விழும்.

“வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறைங்க. பழகுன ஆளு. எவ்வளவு லாஸ் வருமுங்கன்னு போன்ல கேட்டேன். பத்து பர்சன்ட் போட்டுக்குங்கன்னாரு. ரவுண்டா சொன்னாரு, நானும் எழுதிக்கிட்டேன்” என்றார். கருப்புக் கலர், கூடவே துணியை மெத்தென்று ஆக்கும் வாஷ். துணி பதினாலரை பர்சன்டுக்கு மேல் இறங்கி வந்தது. ஆர்டர் பாதியில் துணி தீர்ந்து, அவசரத்துக்கு வெளியில் வாங்கி, கப்பலை விட்டுவிட்டுப் பல மடங்கு செலவில் விமானத்தில் அனுப்பினார்கள். அந்த மாதத்தோடு அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர் எப்போதோ படித்து வைத்திருந்த பி.எட். சர்டிபிகேட் அன்றுதான் பெட்டியிலிருந்து வெளியே வந்தது.

இதைக் கேட்டதிலிருந்து அவருடைய சந்தேகத்தை நான் ஒரு மரியாதையோடு பார்க்க ஆரம்பித்தேன். என் தப்பு அங்கேதான் தொடங்கியது என்று இப்போது தோன்றுகிறது. எல்லாவற்றையும் சந்தேகப்படும் ஒருவரை நாம் சந்தேகப்படுவதை விட்டுவிடுகிறோம்.

எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான். ஒன்றே முக்கால் சென்ட் இடம் வாங்கி, வீடு கட்ட ஆரம்பித்து, சுவர் லிண்டல் மட்டத்தோடு மூன்று வருடமாக நின்றது. மழை பெய்தால் உள்ளே தண்ணீர் தேங்கி, அதில் பக்கத்து வீட்டு வாத்து நீந்தும். நாங்கள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் வாடகை கொடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை போய் அந்த வாத்தைப் பார்த்துவிட்டு வருவோம். இரண்டு பிள்ளைகள். சம்பளம் இருபத்தாறாயிரம், ட்யூஷனில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு. கம்பிக்கும் சிமெண்டுக்கும் அதில் இடம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மாலத்தீவு வேலை வந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பனியன் கடைக்கு மேல் மாடியில் ஒரு ஏஜெண்ட் ஆபீஸ் வைத்திருந்தார். ஏதோ ஒரு தீவில் பள்ளிக்கூடம், கணக்கோ இயற்பியலோ எடுக்க ஒரு ஆள் வேண்டும், சீட்டு ஒன்றுதான் என்றார். “மாசம் ரவுண்டா எண்பதாயிரம் சார், நம்ம ரூபாயில” என்றார். நானும் ஜிஎஸ்எம் சாரும் சேர்ந்துதான் போயிருந்தோம். ரவுண்டா என்ற சொல் விழுந்ததும் நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏஜெண்டின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறங்கி வரும்போது, “அவசரப்படாதீங்க சார். நான் உங்களுக்கு ஒரு ஷீட் போட்டுத் தர்றேனுங்க” என்றார். உங்களுக்கு வேண்டாமா என்று கேட்டேன். “எனக்கு எதுக்குங்க? பொண்ணு காலேஜ் சேர்ற வருசம். பக்கத்துல இருக்கணுமுங்க” என்றார்.

மூன்று நாள் கழித்து ஷீட் வந்தது. அச்சு அசல் டி-ஷர்ட் காஸ்டிங் ஷீட். கட்டம் போட்டு, நூல் இருக்க வேண்டிய இடத்தில் சம்பளம் எண்பதாயிரம் என்று எழுதியிருந்தார். கழிக்க வேண்டியவை கீழே வரிசையாக இருந்தன. வாடகை பத்தொன்பதாயிரத்து நானூறு. சாப்பாடும் தண்ணீரும் பதிமூவாயிரத்து எழுநூற்று ஐம்பது. ஏஜெண்ட் பணமும் டிக்கெட்டும் இரண்டு வருடத்துக்குப் பிரித்துப் போட்டால் மாதம் ஆறாயிரத்து நூற்றெண்பது. உடம்பு சரியில்லாமல் போனால் என்பதற்கு ‘ரிஜெக்‌ஷன்’ என்று தலைப்புக் கொடுத்து இரண்டாயிரத்து முந்நூறு. ஆக மிச்சம் முப்பத்தெட்டாயிரத்து முந்நூற்று எழுபது.

“இங்க நீங்க முப்பத்தஞ்சாயிரத்து ஐந்நூறு பாக்கறீங்க. அங்க போனா கூட வர்றது ரெண்டாயிரத்து எண்ணூத்தி எழுவதுங்க. அதுக்காவ ரெண்டு வருசம் புள்ளைகள உட்டுட்டு இருக்கோணுமுங்களா?”

ப்ராசஸ் லாஸ் என்ற லைன் மட்டும் காலியாக இருந்தது. இது என்ன என்று கேட்டேன். “பணம் அங்கிருந்து இங்க வந்து சேர்றதுக்குள்ள என்ன எறங்கும்னு தெரியலீங்க. தெரியாத லைன் இருந்தா ஆர்டர் எடுக்கக் கூடாதுங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரை நம்பினேன். ஏஜெண்டுக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தைப் பார்க்கப் போகவில்லை.

ஒரு மாதம் போயிருக்கும். ஜிஎஸ்எம் சார் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார் என்று ஸ்டாஃப் ரூமில் பேச்சு. எங்கே போகிறார் என்று கேட்டேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே புரிந்துவிட்டது. அதே தீவு, அதே பள்ளி, அதே சீட்டு.

சொல்லிக்கொள்ள ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நான் வாங்க என்று சொன்னேன், உட்காருங்கள் என்று சொல்லவில்லை. என் மனைவி கம்பெனியிலிருந்து கொண்டுவந்த டி-ஷர்ட் ஒன்றைப் போட்டிருந்தேன். அவர் வழக்கம்போல ஓரத்தைப் பிடித்தார். தேய்த்தார். “நல்ல துணிங்க” என்றார். அவ்வளவுதான். அத்தனை வருடத்தில் அவர் துணியைத் தொட்டுவிட்டு எண் சொல்லாமல் கையை எடுத்தது அன்று ஒரு நாள்தான்.

“பொண்ணு காலேஜுன்னீங்களே சார்” என்றேன்.

“அதுக்குத்தானுங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். எனக்கு அவ்வளவு ஆத்திரம். என் வீட்டுக்கு வரவேண்டிய கம்பியையும் சிமெண்டையும் அவர் தூக்கிக்கொண்டு போவதுபோலவே இருந்தது.

ஏழெட்டு மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வாட்ஸப்பில் அவரிடமிருந்து வந்தது. இங்கே இன்னொரு சீட்டு காலியாகியிருக்கிறது, இயற்பியல்தான், உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன், அருமையான இடம், செலவு போக மாதம் ஐம்பதாயிரம் மிச்சம், தாமதிக்காமல் ஏஜெண்டைப் பாருங்கள் என்று இருந்தது. அடுத்த அரை மணி நேரத்தில் ஏஜெண்டே கூப்பிட்டார். திங்கட்கிழமை ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒப்படைத்துவிடச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஐம்பதாயிரத்தை இருபத்து நான்கால் பெருக்கிப் பார்த்தேன். கூரை, பூச்சு, தரைக்கு டைல்ஸ், எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டன. சனிக்கிழமை மத்தியானம் மனைவி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போனைக் கையில் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். பையைத் திறந்து, மிச்சமிருந்த ஸ்டிக்கரில் ஒன்றைப் பிய்த்து, போன் கண்ணாடியில் ஐம்பதாயிரம் என்ற சொல்லுக்கு நேராக ஒட்டினாள்.

“ரவுண்டால்லா போட்டிருக்காரு” என்றாள்.

நான் அந்தச் சிவப்பு அம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். வயதைக்கூட ரவுண்டாகச் சொல்லாத மனிதர். சொந்தச் சம்பளத்தின் மிச்சத்தை ஐம்பதாயிரம் என்று எழுதுவாரா?

“கேளுங்க. போன் போட்டுக் கேளுங்க” என்றாள்.

அங்கே சனிக்கிழமை விடுமுறை. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். நலம் விசாரிப்பெல்லாம் முடிந்ததும், “அங்க தக்காளி கிலோ என்ன விலை சார்?” என்று கேட்டேன்.

அவர் வெளியில் நின்றிருக்க வேண்டும். காற்று இரைவது கேட்டது.

“காலைல முப்பத்திரண்டு ருஃபியா அறுவது லாரிங்க சார்” என்றார். ருஃபியா அந்த ஊர்ப் பணம், லாரி அதன் பைசா. அதற்குப் பிறகு நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அரிசி, கேஸ், குடிதண்ணீர், தலைநகருக்குப் படகு டிக்கெட் என்று கடைசிக் காசு வரைக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ரொம்ப நாளாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த மாதிரி இருந்தது.

“அந்த லைனு இருந்துச்சுல்லீங்க, ப்ராசஸ் லாஸ். சம்பளம் ருஃபியாவுலதானுங்க வருது. ஊருக்கு அனுப்போணும்னா டாலர் வேணும். பேங்க்குல கொஞ்சந்தான் குடுக்கறாங்க. மிச்சத்த வெளிய கூடுதல் வெல குடுத்து வாங்கோணுமுங்க. அனுப்பற ஒவ்வொரு மாசமும் பதினோராயிரத்து அறுநூத்தி முப்பத்தேழு அதுலயே எறங்கீருதுங்க. சாயத்துக்குப் போன துணியாட்டமேதானுங்க.”

“தெரியாத லைன் இருந்தா ஆர்டர் எடுக்கக் கூடாதுன்னீங்களே சார்.”

“ஏஜெண்டு டாலருக்கு ஒரு ரேட் சொன்னாருங்க. ரவுண்டா சொன்னாரு. நானும் எழுதிக்கிட்டேன்.”

ஒரே குழியில் இரண்டாம் முறை. எனக்கு அவர் மேல் இரக்கமே வந்துவிட்டது. அந்த இரக்கத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் என் மனைவி பழைய ஷீட்டை எடுத்து வந்து என் முன்னால் விரித்திருந்தாள். அவள் விரல் வாடகை லைனில் இருந்தது.

“வாடகை எவ்வளவு சார் ஆகுது?”

தக்காளி விலை சொன்ன வேகம் இதில் இல்லை.

“பதினோராயிரத்து முன்னூத்தி அம்பதுங்க.”

“ஷீட்ல பத்தொம்பதாயிரத்து நானூறு போட்டிருந்தீங்க.”

“ஆமாங்க.”

“தெரியாமப் போட்டதா?”

“தெரிஞ்சுதானுங்க போட்டேன். ஒரு சீட்டுன்னு சொல்லிட்டாங்க. எனக்குப் பொண்ணு பீஸ் கட்டோணும். நீங்க போயிருவீங்கன்னு பயமா இருந்துச்சுங்க சார்.”

நான் பென்சிலை எடுத்து ஷீட்டில் எழுதினேன். வாடகையைச் சரியாகப் போட்டால் மிச்சம் நாற்பத்தாறாயிரத்து நானூற்று இருபது. காலியாக இருந்த லைனில் பதினோராயிரத்து அறுநூற்று முப்பத்தேழைப் போட்டால் முப்பத்து நான்காயிரத்து எழுநூற்று எண்பத்து மூன்று. இங்கே நான் சம்பாதிப்பதைவிட எழுநூற்றுப் பதினேழு ரூபாய் குறைவு. அவர் அன்று பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் போயிருப்பேன். தக்காளி விலையைச் சொல்லிக்கொண்டு அந்தக் காற்றில் இப்போது நான் நின்றிருப்பேன். இதற்கு ஒரு மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா?

“அப்புறம் எதுக்கு சார் என்னைக் கூப்பிட்டீங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“என்ற ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் ஏஜெண்டு ஆபீஸ்காரங்க கையில இருக்குதுங்க. ஒரு ஆளச் சேத்து உட்டாத்தான் குடுப்பாங்களாம். அந்த மெசேஜும் அவங்க எழுதிக் குடுத்ததுதானுங்க. நம்பர மாத்தாம அப்படியே அனுப்புனேன். நீங்க கண்டுபுடிச்சிருவீங்கன்னு ஒரு நம்பிக்கைங்க.” கடைசியாகச் சொன்னதை நான் இன்றுவரை முழுசாக நம்பவில்லை. அவர் இப்போது தாராபுரத்தில் ஒரு பள்ளியில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அந்த ஒன்றைக் கேட்கவாவது போக வேண்டும் என்று தோன்றும், போனதில்லை. அன்று போனை வைக்கும் முன் அவர் கேட்டது ஒன்றுதான். “வராதீங்க சார். ஆனா நான் சொன்னதா ஏஜெண்டுகிட்டச் சொல்லீராதீங்க.”

திங்கட்கிழமை, நான் வரவில்லை என்று சொல்ல, வெறுங்கையோடு பனியன் கடை மாடிக்குப் போனேன். ஏஜெண்டின் மேஜைக்கு எதிரே நாற்காலியில் ஒரு டீச்சர் காத்திருந்தார். மடியில் ஃபைல், அதற்குள் பிளாஸ்டிக் உறை போட்ட சர்டிபிகேட்டுகள். ஊட்டுக்காரம்மா சம்மதிக்கலியா என்று ஏஜெண்ட் அவராகவே காரணம் சொல்லிக் கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“அங்கிருக்கற நம்ம சார் ஏதாச்சும் சொன்னாருங்களா?”

ஜிஎஸ்எம் சாரின் சர்டிபிகேட்டுகள் ஏஜெண்டுக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் எங்கோ இருந்தன. டீச்சரும் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“ரொம்ப நல்லா இருக்காராம். செலவு போக மாசம் ஐம்பதாயிரம் மிச்சமாம்” என்றேன்.

ஏஜெண்ட் சந்தோஷமாகச் சிரித்தார். டீச்சர் பேனாவை எடுத்து ஃபைலின் ஓரத்தில் அந்த எண்ணை எழுதிக்கொண்டார். அது எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் படியிறங்கிவிட்டேன்.